வேக்ரண்ட் + டாக்கர்: மெய்நிகர் கணினியை அணைத்து எழுப்பிய பின் கன்டெய்னருக்குள் கோப்புறை காலியாகத் தெரிகிறது

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவில் அனைவரும் விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் வேலை செய்கிறோம். எல்லோருக்கும் ஒரே மாதிரியான சூழல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, விர்ச்சுவல்பாக்ஸின் மேல் வேக்ரண்ட் (மெய்நிகர் கணினிகளைக் கட்டளைகளால் அமைத்து எழுப்பும் கருவி) வழியாக உபுண்டு 22.04 மெய்நிகர் கணினி ஒன்றை எழுப்பி, அதற்குள் டாக்கரை நிறுவி, கம்போஸ் கோப்பின் (எவற்றை எப்படி ஓட்ட வேண்டும் என்ற பட்டியல்) மூலம் மூன்று கன்டெய்னர்களை (தனித்தனியாக ஓடும் செயலிப் பெட்டிகள்) ஓட்டுகிறோம்: முன்னால் என்ஜின்எக்ஸ் வலை சர்வர், நடுவில் பிஎச்பி செயலி, பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். மூலநிரல் விண்டோஸ் கோப்புறையில் இருக்கிறது. அது மெய்நிகர் கணினிக்குள் ‘/வேக்ரண்ட்’ என்ற கோப்புறையாகத் தெரிகிறது. அந்தக் கோப்புறையையே முதல் இரண்டு கன்டெய்னர்களுக்குள்ளும் பைண்ட் மவுண்ட் செய்திருக்கிறோம், அதாவது உள்ளேயும் தெரியும்படி இணைத்திருக்கிறோம். டாக்கரை நிறுவுவது முதல் கம்போஸை எழுப்புவது வரை அனைத்தையும் ஒரே புரொவிஷன் ஸ்கிரிப்ட் (கணினியை அமைக்கும் கட்டளைத் தொகுப்பு) செய்கிறது.

முதல் முறை ‘வேக்ரண்ட் அப்’ கொடுக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. மாலையில் ‘வேக்ரண்ட் ஹால்ட்’ கொடுத்து அணைத்துவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் ‘வேக்ரண்ட் அப்’ கொடுத்தால், மூன்று கன்டெய்னர்களும் ஓடிக்கொண்டிருப்பதாகவே டாக்கர் காட்டுகிறது. ஆனால் உலாவியில் 403 (அணுக அனுமதி இல்லை) பிழை வருகிறது. மெய்நிகர் கணினிக்குள் நுழைந்து பார்த்தால் ‘/வேக்ரண்ட்’ கோப்புறையில் எல்லாக் கோப்புகளும் இருக்கின்றன. என்ஜின்எக்ஸ் கன்டெய்னருக்குள் நுழைந்து பார்த்தால் அதே கோப்புறை காலியாக இருக்கிறது. கன்டெய்னரைக் கையால் ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகிவிடுகிறது. டாக்கரின் பதிவுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இத்துடன் மேலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய மடிக்கணினியில் புரொவிஷன் ஸ்கிரிப்ட் முழுமையாக ஓடி முடிகிறது. ஆனால் பிஎச்பி கன்டெய்னர் மட்டும், தன் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட் (கன்டெய்னர் தொடங்கும்போது முதலில் ஓடுவது) ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. இமேஜுக்குள் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) பார்த்தால் அந்தக் கோப்பு அதே இடத்தில் இருக்கிறது. அடுத்ததாக, மெய்நிகர் கணினியை அழித்தாலும் தரவுத்தளம் தப்பிக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறையையும் ‘/வேக்ரண்ட்’ கீழ் வைக்க முயன்றோம். அனுமதிகளை மாற்ற இயலவில்லை என்ற பிழையோடு அது தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

இவை மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்குமா, அல்லது தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா?

மறுமொழி 1

புரொவிஷன் ஸ்கிரிப்ட் முதல் ‘வேக்ரண்ட் அப்’பின்போது மட்டுமே ஓடும் என்பது வேக்ரண்டின் இயல்பான ஏற்பாடு. ஒருமுறை அமைத்துவிட்ட கணினியை அணைத்து எழுப்பும்போது அது அந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே, ‘--புரொவிஷன்’ என்ற தேர்வைச் சேர்த்து எழுப்பிப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

நன்றி. அப்படியே செய்து பார்த்தோம். ஸ்கிரிப்ட் மீண்டும் ஓடியது. ஆனால் இறுதியில் ‘டாக்கர் கம்போஸ் அப்’ கட்டளை மூன்று கன்டெய்னர்களும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு முடிந்தது. 403 பிழை அப்படியே இருக்கிறது. பொதிகளை நிறுவும் பகுதி தேவையில்லாமல் மீண்டும் ஓடியதோடு, ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் நாங்கள் சேர்க்கும் வரிகளும் இரட்டித்துவிட்டன. கம்போஸ் கோப்பில் மூன்று சேவைகளுக்கும் ‘ரீஸ்டார்ட்: ஆல்வேஸ்’ என்று இருக்கிறது; இது தொடர்புடையதா என்று தெரியவில்லை.

மறுமொழி 2

403 சிக்கலுக்கு, கடைசி வரியில் நீங்கள் சொன்ன ‘ரீஸ்டார்ட்: ஆல்வேஸ்’தான் காரணம். மூன்று சிக்கல்களுக்கும் தனித்தனிக் காரணங்கள் உள்ளன என்றாலும், முதலாவதை நிகழ்வுகளின் வரிசையாகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

உங்கள் அமைப்பில் விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வுக் கோப்புறையை மெய்நிகர் கணினி தானாக மவுண்ட் செய்துகொள்வதில்லை. கணினி எழுந்து, எஸ்எஸ்எச் வழியாக வேக்ரண்ட் உள்ளே நுழைய முடிந்த பிறகு, வேக்ரண்டே உள்ளே சென்று மவுண்ட் கட்டளையைக் கொடுக்கிறது. ஆனால் டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் ஒரு சேவையாக, கணினி எழும்போதே எழுந்துவிடுகிறது; எழுந்தவுடன் ‘ஆல்வேஸ்’ என்று குறிக்கப்பட்ட கன்டெய்னர்களை எல்லாம் அதுவே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ‘/வேக்ரண்ட்’ என்பது மெய்நிகர் கணினியின் சொந்த வட்டில் உள்ள ஒரு காலிக் கோப்புறை மட்டுமே. கன்டெய்னர் அந்தக் காலிக் கோப்புறையைப் பிடித்துக்கொள்கிறது. சில நொடிகள் கழித்து வேக்ரண்ட் வந்து அதன் மேல் விண்டோஸ் கோப்புறையை மவுண்ட் செய்தாலும், டாக்கரின் பைண்ட் மவுண்டுகள் இயல்பாகத் தனிப்பட்ட பரவல் முறையில் இருப்பதால், ஹோஸ்டில் பின்னர் நடக்கும் மவுண்ட் கன்டெய்னருக்குள் போய்ச் சேர்வதில்லை. தரையில் பாய் விரிப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டவருக்குப் பின்னால் விரித்த பாய் கிடைக்காது. எழுந்து மறுபடி உட்கார வேண்டும். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாவதும் இதனால்தான், ஏனெனில் ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் மவுண்டுகள் புதிதாக அமைக்கப்படுகின்றன.

முதல் முறை ஏன் சரியாக ஓடியது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அப்போது கன்டெய்னர்களே இல்லை. வேக்ரண்ட் முதலில் கோப்புறையை மவுண்ட் செய்துவிட்டு, அதன் பிறகுதான் புரொவிஷன் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. ஸ்கிரிப்ட் கம்போஸை எழுப்பும்போது கோப்புகள் தயாராக இருந்தன. ‘--புரொவிஷன்’ உதவாமல் போனதற்கும் காரணம் உண்டு: அமைப்பில் மாற்றம் இல்லாத, ஏற்கெனவே ஓடுகின்ற கன்டெய்னரை ‘கம்போஸ் அப்’ தொடாது. டாக்கரைப் பொறுத்தவரை எதுவும் தவறாக நடக்கவில்லை என்பதால் பதிவுகளிலும் எதுவும் இருக்காது.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நீங்களே சரிபார்க்கலாம். 403 வரும் நிலையில் என்ஜின்எக்ஸ் கன்டெய்னருக்குள் அந்தக் கோப்புறையின் மீது ‘டிஎஃப்’ கட்டளையைக் கொடுங்கள். மூலமாக ‘வேக்ரண்ட்’ என்ற பகிர்வின் பெயர் வரவேண்டிய இடத்தில் மெய்நிகர் கணினியின் சொந்த வட்டுப் பகிர்வு வந்தால், கன்டெய்னர் அடியில் உள்ள காலிக் கோப்புறையைத்தான் பார்க்கிறது. அதே கட்டளையை மெய்நிகர் கணினியிலும் கொடுத்து ஒப்பிட்டால் ஐயம் இருக்காது. ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ காட்டும் தொடக்க நேரமும், வேக்ரண்ட் மவுண்ட் செய்வதாகத் திரையில் அறிவிக்கும் நேரத்துக்கு முந்தியதாக இருக்கும்.

தீர்வுக்கு வருவோம். உருவாக்கச் சூழலில் ‘ஆல்வேஸ்’ தேவையே இல்லை என்பது என் கருத்து. அதை ‘நோ’ என்று மாற்றிவிட்டு, புரொவிஷன் ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரியுங்கள். டாக்கரை நிறுவுவது, பயனரைக் குழுவில் சேர்ப்பது போன்ற ஒருமுறை வேலைகள் முதல் ஸ்கிரிப்டில் இருக்கட்டும். இரண்டாவது ஸ்கிரிப்டில் ‘டாக்கர் கம்போஸ் அப் -டி’ (-d) என்ற ஒரே வரி போதும். வேக்ரண்ட் கோப்பில் அந்தப் புரொவிஷனருக்கு மட்டும் ‘ரன்: ஆல்வேஸ்’ என்று குறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் மவுண்டுகள் முடிந்த பிறகே புரொவிஷனர்கள் ஓடுவதால் வரிசை எப்போதும் சரியாக இருக்கும், ‘.பாஷ்ஆர்சி’ வரிகள் இரட்டிப்பதும் நின்றுவிடும். யாமலில் (கம்போஸ் கோப்பு எழுதப்படும் வடிவம்) ‘நோ’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுத மறக்காதீர்கள். இல்லையென்றால் அது சொல்லாக அல்லாமல் ‘பொய்’ என்ற தர்க்க மதிப்பாகப் படிக்கப்படலாம். ‘அன்லெஸ் ஸ்டாப்டு’ என்று மாற்றினால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். போதாது. மெய்நிகர் கணினி அணையும்போது நிற்கும் கன்டெய்னர், பயனர் நிறுத்திய கன்டெய்னராகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அதுவும் காலையில் தானாக எழுந்துவிடும்.

இதே கம்போஸ் கோப்பு சர்வரிலும் பயன்படுகிறது என்றால் அதைத் தொட வேண்டாம். பக்கத்தில் ஓர் ஓவர்ரைடு (override) கோப்பை வைத்து அதில் ‘ரீஸ்டார்ட்’ மதிப்பை மட்டும் மாற்றுங்கள். கம்போஸ் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும். டாக்கர் சேவையைத் தொடக்கத்தில் எழாதபடி முடக்கிவிட்டு, அதன் சாக்கெட்டை (கட்டளைகள் வந்து சேரும் வாயில்) மட்டும் இயக்கத்தில் வைத்தால், முதல் டாக்கர் கட்டளை வரும்போதுதான் டீமன் எழும் என்ற குறுக்குவழியும் உண்டு. வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம் கழித்து வேக்ரண்ட் கோப்பைத் திறந்து படிப்பவருக்கு இது ஏன் என்று புரியாது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள். பைண்ட் மவுண்டின் மூலப் பாதை இல்லையென்றால், ‘-வி’ தேர்வு சத்தமில்லாமல் ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கிக்கொள்ளும். ‘--மவுண்ட்’ தேர்வு பிழை காட்டும். பொதுவாக இரண்டாவதே நல்லது. ஆனால் உங்கள் நிலையில் மவுண்ட் புள்ளியான கோப்புறை எப்போதும் வட்டில் இருப்பதால் அதுவும் இந்தத் தவறைப் பிடித்துத் தராது. அடுத்தது, இத்தனை நாள் காலையில் தவறான நிலையில் எழுந்த பிஎச்பி கன்டெய்னர் ஏதாவது பதிவுக் கோப்போ தற்காலிகக் கோப்போ எழுதியிருந்தால், அவை விண்டோஸ் பக்கம் வராமல், மவுண்டுக்கு அடியில் உள்ள கோப்புறையில் கிடக்கும். மெய்நிகர் கணினியின் வேர்க் கோப்புறையை ‘/எம்என்டி’ மீது பைண்ட் மவுண்ட் செய்து, அதன் வழியாக ‘வேக்ரண்ட்’ கோப்புறையைத் திறந்தால் அவற்றைக் காணலாம். ‘காணாமல் போன’ பதிவேற்றங்கள் இப்படித்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன.

மெய்நிகர் கணினிக்குள்ளிருந்தே ‘ரீபூட்’ கொடுக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது மவுண்டைச் செய்ய வேக்ரண்ட் அங்கே இருக்காது. வெளியிலிருந்து ‘வேக்ரண்ட் ரீலோட்’ கொடுப்பதே முறை.

மறுமொழி 3

என்ட்ரிபாயின்ட் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன். அது வரிமுடிவுச் சிக்கல். புதியவரின் கிட் (மூலநிரல் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி), மூலநிரலை விண்டோஸ் வரிமுடிவுகளோடு இறக்கியிருக்கிறது. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள ஷெல்லின் பாதைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இல்லை’ என்று லினக்ஸ் சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல. அந்த எழுத்தையும் சேர்த்துப் படித்த ஷெல்லின் பாதையை. பிழைச்செய்தியில் ஸ்கிரிப்டின் பெயர் வருவதால் எல்லோரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

புரொவிஷன் ஸ்கிரிப்டும் அதே களஞ்சியத்திலிருந்து அதே வரிமுடிவுகளோடுதானே வந்தது, அது மட்டும் எப்படி ஓடியது என்ற கேள்வி எழலாம். வேக்ரண்டின் ஷெல் புரொவிஷனர் ஸ்கிரிப்டை மெய்நிகர் கணினிக்கு அனுப்பும் முன் விண்டோஸ் வரிமுடிவுகளைத் தானாகவே மாற்றிவிடுகிறது. ‘பைனரி’ என்ற தேர்வை இயக்கினால் மட்டுமே அப்படியே விடும். இமேஜைக் கட்டும்போது ‘காப்பி’ கட்டளை உள்ளே எடுத்துச் செல்லும் கோப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒன்று ஓடி மற்றொன்று ஓடாததால், சூழல் சரியாகத்தான் இருக்கிறது என்ற தவறான நம்பிக்கை உருவாகிறது.

ஒவ்வொருவரையும் கிட் அமைப்பை மாற்றச் சொல்வதைவிட, களஞ்சியத்தின் வேரில் ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ கோப்பை வைத்து, ‘.எஸ்எச்’ என முடியும் எல்லாக் கோப்புகளுக்கும் யூனிக்ஸ் வரிமுடிவே வேண்டும் என்று குறித்துவிடுவது உறுதியான வழி. என்ட்ரிபாயின்ட் கோப்புக்குப் பின்னொட்டு இல்லையென்றால் அதன் பெயரையும் தனியாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அவர் களஞ்சியத்தைப் புதிதாக இறக்கிக்கொண்டு இமேஜையும் மீண்டும் கட்டட்டும். பழைய இமேஜுக்குள் பழைய கோப்புதான் இருக்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் புரொவிஷன் ஸ்கிரிப்ட் ‘முழுமையாக ஓடி முடிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் தொடக்கத்தில் ‘செட் -இ’ இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் எது தோற்றாலும் ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும். கடைசிக் கட்டளை வென்றால் வேக்ரண்ட் எல்லாம் வென்றதாகவே எடுத்துக்கொள்ளும். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ தேர்வையும் சேர்க்க வேண்டும். ‘கர்ல்’ இறக்குவதை நேராக வேறொரு கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்பும் வரிகளில், அது இல்லாவிட்டால் இறக்கம் தோற்றது தெரியாது. ‘கர்ல்’ கட்டளைக்கு ‘-எஃப்’ கொடுக்காவிட்டால் சர்வர் அனுப்பும் பிழைப் பக்கத்தையே டாக்கரின் சாவிக் கோப்பாகச் சேமித்துவிடும். பிறகு ‘ஆப்ட்’ கையொப்பப் பிழை காட்டும்போது காரணம் பல வரிகளுக்கு மேலே புதைந்திருக்கும். புதிதாக எழுந்த உபுண்டுவில் தானியங்கிப் புதுப்பிப்பு பின்னணியில் ஓடி, பொதி நிறுவலுக்கான டிபிகேஜி பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதும் வழக்கம். அதற்காக ஸ்கிரிப்டில் ‘ஸ்லீப்’ வரிகளைத் தூவுவதை விட்டு, ‘ஆப்ட்-கெட்’ கட்டளைக்குப் பூட்டுக் காத்திருப்பு நேரத்தை 300 நொடி என்று கொடுத்துவிடுங்கள், உபுண்டு 20.04 முதல் அந்த வசதி இருக்கிறது.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. ‘டிஎஃப்’ சொன்னபடியே கன்டெய்னருக்குள் மெய்நிகர் கணினியின் சொந்த வட்டைத்தான் காட்டியது. ஓவர்ரைடு கோப்பில் ‘நோ’ என்று மாற்றி, ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்த பிறகு, அணைத்து எழுப்பினாலும் தளம் உடனே வருகிறது. வரிமுடிவும் சரியாகிவிட்டது. ‘செட் -இ’ சேர்த்தவுடன், இதுவரை தோற்றுக்கொண்டே இருந்த ஒரு பொதி நிறுவல் வெளிப்பட்டது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கன்டெய்னர்களை எழுப்பும் இரண்டாவது ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்ட விரும்பாமல் ‘பிரிவிலேஜ்டு’ மதிப்பைப் ‘பொய்’ என்று வைத்தோம். புதிதாக அமைக்கும் கணினியில் மட்டும், டாக்கர் சாக்கெட்டை அணுக அனுமதி இல்லை என்ற பிழை வருகிறது. அடுத்த முறை எழுப்பினால் வருவதில்லை. முதல் ஸ்கிரிப்ட்தான் பயனரை ‘டாக்கர்’ குழுவில் சேர்த்துவிடுகிறதே? போஸ்ட்கிரெஸ் பற்றியும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 2

குழுவில் சேர்த்தது உண்மைதான்; ஆனால் லினக்ஸில் ஒருவரின் குழுக்கள் அவர் உள்நுழையும் நேரத்தில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. முதல் ஸ்கிரிப்டுக்காகத் திறந்த எஸ்எஸ்எச் இணைப்பையே வேக்ரண்ட் இரண்டாவது ஸ்கிரிப்டுக்கும் பயன்படுத்துகிறது. அந்த அமர்வு குழுவில் சேர்வதற்கு முன்பே தொடங்கியது. முதல் புரொவிஷனருக்கு ‘ரீசெட்’ மதிப்பை ‘மெய்’ என்று கொடுத்தால், அது முடிந்ததும் வேக்ரண்ட் இணைப்பைத் துண்டித்துப் புதிதாக நுழையும். சாக்கெட் கோப்புக்கு 666 அனுமதி கொடுக்கும் ‘தீர்வு’ இணையத்தில் நிறையக் கிடைக்கும், அதைத் தொடாதீர்கள்.

போஸ்ட்கிரெஸ் தன் தரவுக் கோப்புறையின் உரிமையாளர் தானாகவே இருக்க வேண்டும் என்றும், அனுமதிகள் 0700 அல்லது 0750 ஆக இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தும். விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வில் உரிமையும் அனுமதியும் மவுண்ட் செய்யும்போதே எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாகத் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அதன்பின் ‘சிஹெச்ஓன்’, ‘சிஹெச்மாட்’ எதுவும் அங்கே பலிக்காது. டெபியன் அடிப்படையிலான அதிகாரபூர்வ இமேஜில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 999; பகிர்வோ ‘வேக்ரண்ட்’ பயனருக்குச் சொந்தமாகத் தெரியும். எந்த அமைப்பை மாற்றினாலும் தரவுத்தளத்தை அந்தப் பகிர்வில் வைப்பது தவறு. பெயரிட்ட டாக்கர் வால்யூமில் (டாக்கரே பராமரிக்கும் சேமிப்பிடம்) வையுங்கள்; அது மெய்நிகர் கணினியின் சொந்த வட்டில் இருக்கும், வேகமும் கூடும்.

‘வேக்ரண்ட் டெஸ்ட்ராய்’ கொடுத்தால் அந்த வால்யூமும் போய்விடும் என்பதே உங்கள் கவலை. அதற்குத் தரவுக் கோப்புறையை வெளியே வைப்பதைவிட, அழிக்கும் முன் ‘பிஜி_டம்ப்’ (தரவுத்தளத்தின் நகல்) எடுத்து அந்த ஒரு கோப்பை ‘/வேக்ரண்ட்’ கீழ் எழுதிவைப்பது சரியான வழி. 2.1 பதிப்பு முதல் வேக்ரண்டிலேயே டிரிகர் வசதி இருக்கிறது. ‘டெஸ்ட்ராய்’க்கு முன் மெய்நிகர் கணினிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்று குறித்துவிடலாம். கணினி அணைந்த நிலையில் யாராவது அழிக்க முயன்றால், டிரிகரை ஓட்ட முடியாததால் வேக்ரண்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நமக்கு அது நல்லதே. அந்த ஸ்கிரிப்டில் ‘கம்போஸ் எக்ஸெக்’ கட்டளைக்கு ‘-டி’ என்ற தேர்வை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (-T) கொடுங்கள்; புரொவிஷனர்களிலும் டிரிகர்களிலும் முனையம் இல்லாததால், அது இல்லாவிட்டால் கட்டளை தோற்கும். ‘கம்போஸ் டவுன்’ கட்டளையோடு ‘-வி’ சேர்த்தாலும் வால்யூம் அழியும். அங்கே எந்த டிரிகரும் குறுக்கே வராது. ஆகவே அந்தத் தேர்வு உங்கள் குழுவின் குறிப்பேட்டில் எங்காவது எழுதப்பட்டிருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.